ரெண்டாவது வரிய சொல்லிக்குடுங்க: ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கற டீச்சருங்களுக்கு

வேலூர், காட்பாடி, குடியாத்தம்னு எங்க போனாலும் 30 நாள்ல இங்கிலீஷ், 60 நாள்ல இங்கிலீஷ்னு ஒரு போர்டு தொங்குது. அங்க படிச்சுட்டு வர்ற பசங்கள பேச விட்டு பாருங்க, முதல் வரி கணக்கா வரும், "குட் மார்னிங் சார், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ"ன்னு அட்சர சுத்தமா சொல்லுவாங்க. எதிர்ல இருக்கறவரு திருப்பி ஒண்ணு கேட்டாருன்னா அவ்ளோதான், அதுக்கப்புறம் "யெஸ் சார், ஓகே சார்" மட்டும்தான் மிச்சம். ஏன்னா நாம கிளாஸ்ல வாக்கியத்த சொல்லிக்குடுத்துட்டு, அந்த வாக்கியத்துக்கு பதில் வந்தா இன்னா பண்றதுன்னு சொல்லிக்குடுக்காம விட்டுடறோம். நான் இங்க எழுதப்போறது அந்த ரெண்டாவது வரிய, முடிஞ்சா மூணாவது வரியயும், கிளாஸ்ல எப்படி எடுக்கறதுன்றத பத்தி. டியூஷன் எடுக்கற அக்காங்க, ஸ்கூல் டீச்சருங்க, காலேஜ்ல ஜூனியருங்களுக்கு பிராக்டிஸ் குடுக்கற சீனியருங்க, யாருக்கு வேணாலும் உதவும்.

இதுல புதுசா நான் கண்டுபுடிச்சது எதுவும் இல்ல. அமெரிக்கால ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன்னு மூணு பேரு ஜனங்க சாதாரணமா பேசிக்கறத டேப் பண்ணி, யாரு எப்ப வாய தொறக்கறாங்க, யாரு எப்ப விட்டுக்குடுக்கறாங்கன்னு நுணுக்கமா பாத்து 1974ல ஒரு கட்டுரை போட்டாங்க. அவங்க ஆராய்ச்சில வந்த முக்கியமான விஷயம் ஒண்ணு, பேச்சு ஜோடி ஜோடியா நடக்குதுன்றது. கேள்வின்னா பதில், கூப்புட்டா "ஆங்", அழைச்சா வர்றேன் இல்ல வரலன்றது. ஒண்ணு வந்தாச்சுன்னா அதோட ஜோடி வரணும், வரலன்னா அந்த எடம் காலியா இருக்கறது ரெண்டு பேருக்குமே தெரியும். அதனால பாடத்த வாக்கியமா பிரிக்காதீங்க, ஜோடியா பிரிங்க.

முதல் வேலையா, உங்ககிட்ட வர்றவங்க யார்கிட்ட இங்கிலீஷ் பேசப்போறாங்கன்னு கேளுங்க. "எல்லார்கிட்டயும் சார்"னுதான் சொல்லுவாங்க, விடாதீங்க. கடைசியா இங்கிலீஷ்ல பேச வேண்டி வந்து மாட்டிகினது எங்க, அந்தாளு இன்னா கேட்டாரு, நீ இன்னா சொன்ன, அதுக்கு மேல இன்னா ஆச்சுன்னு தோண்டித் தோண்டி கேட்டு நோட்டுல எழுதி வெச்சிக்கோங்க, அந்த நோட்டுதான் உங்க சிலபஸ். நம்ம பக்கம் இது மூணு வகையாதான் பிரியும். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய சுத்தி காந்தி ரோடு, பாபு ராவ் தெருவுல லாட்ஜ், மெடிக்கல் ஷாப், டிராவல்ஸ்னு வேலை செய்யறவங்க ஒரு கூட்டம். 1900ல ஐடா ஸ்கடர் அம்மா ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது, இன்னைக்கு கொல்கத்தா, ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ்னு எங்கெங்கேர்ந்தோ ஜனம் வருது, கடை போர்டே பெங்காலில எழுதி வெச்சிருப்பாங்க, அங்க பேசற இங்கிலீஷ் ரெண்டு பக்கத்துக்குமே தாய்மொழி கெடயாது, நடுவுல ஹிந்தியும் வந்து பூந்துக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டைல ஷூ கம்பெனி, தோல் கம்பெனில மெர்ச்சண்டைசிங், குவாலிட்டி பாக்கறவங்க இன்னொரு கூட்டம், அவங்களுக்கு சரக்கு வாங்கற ஐரோப்பா பையருங்ககிட்ட வீடியோ கால். மூணாவது கேம்பஸ் இன்டர்வியூக்கு தயாராகற காலேஜ் பசங்க. மூணு பேருக்கும் ஒரே புக்க வெச்சு ஓட்டறது சுத்த வேஸ்ட்டு. லாட்ஜ்ல நிக்கற பையனுக்கு லண்டன் ஆக்சென்ட் எதுக்கு, எதிர்ல நிக்கறவரு மேற்கு வங்காளத்து மால்டாலேர்ந்து வர்றாரு, அவருக்கு மெதுவா தெளிவா சொன்னா போதும்.

ஒரே ஒரு ஜோடிய எடுத்து முழுசா எப்படி நடத்தறதுன்னு காட்டறேன். லாட்ஜ் கவுண்டர். கெஸ்ட் வந்து கேக்கறாரு, "டூ யூ ஹேவ் எ ரூம் ஆன் த கிரவுண்ட் ஃப்ளோர்?" நம்ம பையன் சொல்றான், "நோ சார்." இலக்கணத்துல ஒரு தப்பும் இல்ல, உச்சரிப்பும் ஓகே, சொன்னதும் உண்மை. கெஸ்ட் ஒரு செகண்ட் நின்னு பாத்துட்டு பக்கத்து லாட்ஜுக்கு போயிடுவாரு.

இதே பையன்கிட்ட ஒரு திருவண்ணாமலக்காரர் வந்து "கீழ ரூம் கீதாப்பா?"ன்னு கேட்டா இன்னா சொல்லுவான்? "கீழ ஃபுல்லுங்கண்ணா. பேஷண்ட்டுக்கா? ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல ஒண்ணு கீது, லிஃப்ட் கீது, பாக்கறீங்களா?" பாருங்க, கீழ ரூம் கேக்கறவரு படி ஏற முடியாத ஆள கூட்டினு வந்திருக்காருன்னு அவனுக்கு யாரும் சொல்லித்தரல, கேள்விக்கு பின்னாடி இருக்கற காரணத்துக்கு பதில் சொல்றான். பால் கிரைஸ்னு ஒரு தத்துவ பேராசிரியர் 1967ல ஹார்வர்டுல பேசி 1975ல அச்சுல வந்தது இதேதான்: பேசறவங்க ரெண்டு பேரும் ஒத்துழைக்கறாங்கன்னு நம்பித்தான் பேச்சே ஓடுது, அதனால கேட்டதுக்கு போதுமான அளவு சொல்லணும், பொய் சொல்லக்கூடாது, சம்பந்தமா சொல்லணும், புரியறாப்ல சொல்லணும்னு சொல்லாமலே ஒரு எதிர்பார்ப்பு இருக்கு. "நோ சார்"ன்றது பொய் இல்ல, ஆனா அளவு பத்தல.

அதனால அவனுக்கு புதுசா பண்பு கத்துக்குடுக்க வேணாம், விஷயம் ஏற்கனவே அவன்கிட்ட இருக்கு, தமிழ்ல வெச்சிருக்கான். மொழி ஆராய்ச்சி பண்ற காப்ரியேல் காஸ்பர் 1997ல எழுதினதும் இந்த மாதிரிதான், பெரியவங்க வேற பாஷை கத்துக்கசொல்ல இந்த அறிவுல நெறைய சும்மாவே கூட வருது, ஆனா புது பாஷைல அத எடுத்து பயன்படுத்த மாட்டேங்கறாங்கன்னு. நான் பண்றது இதுதான். முதல்ல தமிழ்லயே நடிக்க விடுங்க, ஆமா, இங்கிலீஷ் கிளாஸ்ல தமிழ்ல. ஒருத்தன் கெஸ்ட்டு, ஒருத்தன் கவுண்டர், செல்லுல ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் போட்டு காட்டி, ஒவ்வொரு துண்டும் இன்னா வேலை பாக்குதுன்னு போர்டுல எழுத வைங்க: இல்லைன்னது, யாருக்குன்னு கேட்டது, வேற ஒண்ண காட்டினது, பாக்கறீங்களான்னு கேட்டு புடிச்சு நிறுத்தினது. நாலு வேலை. நாலுக்கும் பக்கத்துல ஒரு ஒரு இங்கிலீஷ் வரி: "சாரி சார், த கிரவுண்ட் ஃப்ளோர் இஸ் ஃபுல்." "இஸ் இட் ஃபார் எ பேஷண்ட்?" "வீ ஹேவ் ஒன் ரூம் ஆன் த ஃபர்ஸ்ட் ஃப்ளோர், அண்ட் தேர் இஸ் எ லிஃப்ட்." "வுட் யூ லைக் டு ஸீ இட்?" ரெண்டு தடவ போர்ட பாத்து சொல்லட்டும், அப்புறம் போர்ட அழிச்சிடுங்க. இப்ப கெஸ்ட்டோட கேள்விய மாத்துங்க, "இஸ் தேர் எ கிச்சன்?"னு. வெளியூர்லேர்ந்து வந்து நாள் கணக்குல தங்கறவங்க சமைக்க எடம் இருக்கான்னுதான முதல்ல கேப்பாங்க. வரி மாறும், அந்த நாலு வேலை மாறாது. இங்கதான் கத்துக்கறது நடக்குது, மனப்பாடம் பண்ணவன் இங்க முழிப்பான், வேலைய புடிச்சவன் தப்பும் தவறுமா இருந்தாலும் நாலையும் சொல்லிடுவான்.

சைடுல ஒண்ணு சொல்லிடறேன். "ஃபுல் சென்டென்ஸ்ல பதில் சொல்லு"ன்னு ஸ்கூல்ல ஒரு சட்டம் வெச்சிருக்கோம் பாருங்க, தயவு செஞ்சு பேச்சு கிளாஸ்ல அத தூக்கி பரண்ல போடுங்க. "ஹேட் லஞ்ச்?"னு ஒருத்தர் கேட்டா "யெஸ், ஐ ஹேவ் ஹேட் மை லஞ்ச்"னு எந்த ஊர்லயும் யாரும் சொல்றது இல்ல. "ஜஸ்ட் நவ். யூ?" அவ்ளோதான். நாமளே "சாப்ட்டியா?"ன்னா "ஆச்சு, நீ?"ன்னுதான சொல்றோம், "நான் மதிய உணவை உண்டுவிட்டேன்"னா சொல்றோம்.

அடுத்தது கேட்டு வாங்கறது. நம்ம ஆளுங்க இங்கிலீஷ்ல எதுனா கேட்டா பல சமயம் அதட்டறாப்ல இருக்கும், மரியாதை தெரியாம இல்ல. தமிழ்ல "கொஞ்சம் ஆதார் குடுங்க"ன்னா அந்த "கொஞ்சம்", அந்த "ங்க", அந்த இழுப்பு எல்லாம் சேந்து மரியாதைய சொமந்துகினு போயிடுது. அதெல்லாம் கழட்டி வெச்சிட்டு "கிவ் யுவர் ஆதார்"னு மொட்டையா போனா கேக்கறவருக்கு போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வரும். முன்னாடி ஒரு "ப்ளீஸ்" ஒட்டினா மட்டும் சரியாகாது, "ப்ளீஸ் கிவ் ஆதார்"ன்றதும் ஆர்டர்தான், கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியோட போடற ஆர்டர். கேள்வியா மாத்தணும்: "குட் ஐ ஸீ யுவர் ஐடி, சார்?"

இதுக்கு பின்னாடி இருக்கற தியரில நம்ம தமிழுக்கும் பங்கு இருக்கு, நெறைய டீச்சருங்களுக்கே இது தெரியறது இல்ல. பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ரெண்டு பேரும் 1978ல வெளியிட்டு 1987ல தனி புத்தகமா வந்த மரியாதை பத்தின ஆராய்ச்சி உலகம் பூரா பாடமா இருக்கு, அதுக்கு அவங்க முக்கியமா எடுத்துகினது மூணு பாஷை: இங்கிலீஷ், மெக்சிகோல மாயா ஜனங்க பேசற செல்டால், அப்புறம் தமிழ். லெவின்சன் கோயம்புத்தூர் பக்கம் கிராமத்துல தங்கி சேகரிச்ச தமிழ். அவங்க சொல்றது, ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேக்கசொல்ல மூணு விஷயத்த நாம மனசுக்குள்ள எடை போடறோம்: அவரு நமக்கு மேலயா கீழயா, எவ்ளோ பழக்கம், கேக்கற விஷயம் எவ்ளோ பெருசு. எடை கூடக் கூட சுத்தி வளைச்சு கேக்கறோம்.

கிளாஸ்ல இத லெக்சரா எடுக்காதீங்க, ஒரே உதவிய மூணு பேர்கிட்ட கேக்க விடுங்க. பக்கத்து பெஞ்சு பையன்கிட்ட சார்ஜர், புதுசா வந்த மேனேஜர்கிட்ட சார்ஜர், பஸ்ல முன்னப்பின்ன தெரியாதவர்கிட்ட சார்ஜர். முதலாமவனுக்கு "சார்ஜர் இருக்கா மச்சான்"ன்றதோட இங்கிலீஷ் போதும், "கேன் ஐ யூஸ் யுவர் சார்ஜர்?" மேனேஜருக்கு "குட் ஐ பாரோ யுவர் சார்ஜர் ஃபார் எ மினிட்?" பஸ்ல "எக்ஸ்க்யூஸ் மீ, சாரி டு டிஸ்டர்ப் யூ, வுட் யூ மைண்ட் இஃப் ஐ..." அப்புறம் வேணும்னே தலைகீழா பண்ண சொல்லுங்க, ஃப்ரெண்டுகிட்ட போய் "ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிவ் மீ த சார்ஜர்"னு கேக்கட்டும், கிளாஸே சிரிக்கும். ஜாஸ்தி மரியாதையும் நக்கல் மாதிரி கேக்கும்னு அந்த சிரிப்புலயே புரிஞ்சிடும். "வுட் யூ மைண்ட்"க்கு சரின்னு சொல்ல "யெஸ்" போடக்கூடாது, "நாட் அட் ஆல்", "ஷ்யூர், கோ அஹெட்"னு சொல்லணும்ன்றத அங்கயே சேத்து குடுத்துடுங்க. கேக்க மட்டும் கத்துக்குடுத்துட்டு பதில விட்டுட்டா பழைய கதைதான்.

முடியாதுன்னு சொல்றதுதான் எல்லாத்தவிட கஷ்டமான பாடம், நேரம் இருந்தா இதுக்கே பாதி கோர்ஸ குடுங்கன்னு சொல்லுவேன். ஷூ கம்பெனி ஆளுங்களுக்கு சோறு போடற பாடம் இது. ஜெர்மனி பையர் வீடியோ கால்ல கேக்கறாரு, "கேன் யூ ஷிப் பை த டுவென்டியத்?" நம்மாளு தலைய ஒரு ஆட்டு ஆட்டி "வீ வில் ட்ரை, சார்"ன்றாரு. நம்ம ஆபீஸ் காதுக்கு அது கஷ்டம்தான்னு கேக்கும், "பாக்கலாம்", "ட்ரை பண்றோம்"னா எவ்ளோ தூரம் நடக்கும்னு நமக்கு தெரியும். பையரு அத கிட்டத்தட்ட சரின்னு எழுதிக்குவாரு, 20ஆம் தேதி கண்டெய்னர் போகலன்னா நேத்து வரைக்கும் ஓகேன்னீங்களேம்பாரு. இதுல யாரும் ஏமாத்தல, ரெண்டு பேரும் அவங்கவங்க ஊர் வழக்கத்துல கேட்டுகினாங்க.

பேச்சு ஆராய்ச்சி பண்ண அனிதா பொமரன்ட்ஸ் 1984ல காட்டின விஷயம் ஒண்ணு இங்க உதவும். ஒத்துக்கற பதில் டக்குனு வரும், ஒத்துக்காத பதில் கொஞ்சம் தயங்கி, முன்னாடி "வெல்" மாதிரி ஒண்ணு போட்டுகினு, சுத்தி வந்துதான் எறங்கும். இங்கிலீஷ் பேசறவங்களும் மூஞ்சில அடிச்சாப்ல முடியாதுன்னு சொல்றது இல்ல, ஆனா சுத்தினாலும் அதே பேச்சுக்குள்ள விஷயம் வந்து விழுந்துடும். நாம தயக்கத்தோட நிறுத்திடறோம், விஷயத்த அவரே புரிஞ்சுக்குவாருன்னு விட்டுடறோம். அதனால பசங்களுக்கு நாலு துண்டா குடுங்க: தயக்கம், முடியாதுன்றது, காரணம், வேற வழி. "வெல், த டுவென்டியத் இஸ் டிஃபிகல்ட் ஃபார் அஸ். த சோல்ஸ் ஆர் கமிங் லேட். வீ கேன் ஷிப் ஹாஃப் ஆன் த டுவென்டியத் அண்ட் த ரெஸ்ட் எ வீக் லேட்டர். வுட் தட் வொர்க் ஃபார் யூ?" கடைசி கேள்விய விடாம சொல்ல வைங்க, அதுதான் பந்த அந்தப்பக்கம் அனுப்புது. காரணமும் ஒண்ணு போதும். நம்மாளுங்க காரணம் சொல்ல ஆரம்பிச்சா மழை, கரண்ட், லேபர் லீவு, பாட்டி காரியம் வரைக்கும் போவாங்க, ஒண்ணுக்கு மேல சொல்ல சொல்ல எல்லாமே பொய்யா கேக்கும்.

தலையாட்டறதையும் தனியா ஒரு நாள் எடுங்க. செல்லு கேமராவ மூஞ்சிக்கு நேரா வெச்சு, சத்தத்த ம்யூட்ல போட்டு, இப்ப இவன் சொல்றது ஆமாவா இல்லையான்னு கிளாஸ கேளுங்க. நமக்கே பாதி தெரியாது. தலையாட்டாதன்னு சொல்லாதீங்க, அது யாராலயும் முடியாது, ஆட்டறதோட சேத்து வாயாலயும் ஒண்ணு சொல்லுன்னு பழக்குங்க.

அடுத்து இடைவெளி. 2009ல ஆராய்ச்சிக்காரங்க பத்து பாஷைல கேள்வி பதில அளந்து பாத்தாங்க, கேள்வி முடிஞ்சு பதில் தொடங்க சராசரியா 200 மில்லி செகண்ட் பக்கம்தான் ஆகுது, ஒரு செகண்ட்ல அஞ்சுல ஒரு பங்கு, பாஷைக்கு பாஷை கொஞ்சம் முன்னப்பின்ன. நம்ம பசங்க கேள்விய கேட்டு, தமிழ்ல யோசிச்சு, இங்கிலீஷ் பண்ணி, டென்ஸ் சரியான்னு பாத்து வாய தொறக்கறதுக்குள்ள மூணு நாலு செகண்ட் ஓடிடுது, அதுக்குள்ள எதிர்ல இருக்கறவரு இவனுக்கு இஷ்டம் இல்ல போலன்னு முடிவு பண்ணிடுவாரு. வேகமா யோசிக்க நம்மால சொல்லித்தர முடியாது, அந்த எடத்த புடிச்சு வெக்க சொல்லித்தரலாம். "லெட் மீ செக்", "லெட் மீ திங்க்", "ஜஸ்ட் எ செகண்ட்". பிராக்டிஸ் சிம்பிள்: நீங்க ஒரு கேள்விய கேட்டுட்டு கைய தட்டுங்க, தட்டின சத்தம் அடங்கறதுக்குள்ள இதுல ஒண்ணு வந்தாகணும், பதிலு அப்புறம் வரட்டும். இன்டர்வியூ பசங்க "தட்ஸ் எ குட் கொஸ்டின்"ன புடிச்சிகினு விடமாட்டாங்க, ஒவ்வொரு கேள்விக்கும் அத சொன்னா கேக்கறவருக்கு எரிச்சல்தான் வரும், அத மட்டும் கண்டிச்சு வைங்க.

உம் கொட்டறதும் இதோட சேந்ததுதான். போன்ல நாம உம் கொட்டலன்னா எங்க ஆயா "ஏய், லைன்ல கீறியா"ன்னு கேக்கும். இங்கிலீஷ் கால்ல பாதி பேரு தப்பா பேசிடுவோமோன்னு பயந்துகினு கப்சிப்புன்னு இருப்பாங்க, மீதி பேரு உம்முக்கு பதிலா "யெஸ், யெஸ், யெஸ்"னு போட்டுகினே இருப்பாங்க. ரெண்டாவதுதான் டேஞ்சரு, நீங்க கேட்டுகினு இருக்கேன்னு அர்த்தத்துல சொல்றீங்க, அவரு ஒத்துகினதா எடுத்துக்குவாரு. "ரைட்", "ஐ ஸீ", "ம்ம் ஹ்ம்ம்" குடுங்க, "யெஸ்" நெஜமா சரின்னு சொல்றப்ப மட்டும்.

புரியலன்னா கேக்கறது ஒண்ணு இருக்கு, நம்ம ஊர்ல இத அவமானமா பாக்கறாங்க. பசங்ககிட்ட இத சொல்லுங்க: 2015ல 12 பாஷைல வீட்டுப்பேச்ச, சொந்தக்காரங்க ஃப்ரெண்டுங்க பேசிக்கறத பாத்தாங்க, சராசரியா 1.4 நிமிஷத்துக்கு ஒருக்க யாராவது ஒருத்தர் "ஆங்? இன்னா? யாரு?"ன்னு கேட்டு சரி பண்ணிக்கறாங்க. சொந்த பாஷைலயே அப்படி. கேக்கறதுலயும் ரகம் இருக்கு. வெறும் "சாரி?"ன்னா முழுசா திரும்ப சொல்லணும். "சாரி, விச் டேட்?"ன்னா அந்த துண்டு மட்டும். "யூ மீன் டியூஸ்டே?"ன்னா அவருக்கு ஆமா இல்லன்னு சொன்னா போதும். மத்தவருக்கு வேலை கொறயற மாதிரி கேக்கறதுதான் நல்லது, நாம கவனிச்சிகினுதான் இருந்தோம்னும் தெரியும். "வாட்?"ன்னு மட்டும் கேக்க விடாதீங்க, முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட அது சுருக்குனு இருக்கும். பிராக்டிஸுக்கு நான் வேணும்னே முக்கியமான எடத்துல இருமுவேன், "யுவர் அப்பாயின்ட்மென்ட் இஸ் ஆன்... லொக்கு லொக்கு... அட் டென்". யாரு "ஆன் விச் டே, சார்?"னு கேக்கறாங்களோ அவங்களுக்கு மார்க். அப்புறம் 15ஆ 50ஆ. வாடகை, டோசேஜ், ஷூ ஜோடி கணக்கு எல்லாத்துலயும் வர்ற தொல்லை இது, "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ?"ன்னு கேக்கறத வாய்ல ஊற வெச்சிடுங்க.

பேச்ச முடிக்கறது பத்தி நீளமா சொல்ல ஒண்ணும் இல்ல. தமிழ்ல "சரிங்க... அப்ப நான் வெச்சிடட்டா"ன்னு படிப்படியா எறங்குவோம், இங்கிலீஷ்லயும் அதே படிதான்: "ஓகே தென்", "ஸோ ஐ வில் மெயில் யூ டுமாரோ", "தேங்க்ஸ், பை". நேரா "பை"னு கட் பண்ணா கோவமான்னு தோணும். அவ்ளோதான்.

சொந்த விஷயம் கேக்கறது வேற மாதிரி. மொழி ஆராய்ச்சி பண்ண ஜென்னி தாமஸ் 1983ல இந்த மாதிரி தப்ப ரெண்டா பிரிச்சாங்க. சொல்ல நெனச்சது சரி, எடுத்த வார்த்தை தப்புன்றது ஒண்ணு, அந்த "கிவ் யுவர் ஆதார்" மாதிரி. எத கேக்கலாம் எத கேக்கக்கூடாதுன்ற கணக்கே ஊருக்கு ஊரு வேறயா இருக்கறது இன்னொண்ணு, "ஆர் யூ மேரீட்? ஹவ் மச் சேலரி?" மாதிரி. முதலாவத தைரியமா திருத்துங்க. ரெண்டாவதுக்கு தகவல் குடுத்துட்டு விட்டுடுங்க, பையருகிட்ட கேட்டா முகம் மாறலாம்னு சொல்லுங்க, முடிவு அவங்களது. பக்கத்து ரூம்ல தங்கியிருக்கற பெங்காலி அம்மா அவங்களே எத்தன கொழந்தன்னு கேட்டு ஃபோட்டோ காட்டுவாங்க, அங்க போய் வெள்ளக்காரன் சட்டத்த பேசிகினு நிக்க முடியுமா.

இப்ப கிளாஸ் நடத்தற வழி. மொழிபெயர்ப்பு முறைல ரூல சொல்லி தமிழ்ல விளக்கி எக்சர்சைஸ் போட்டா பரிட்சைக்கு ஆகும், வாய் தொறக்காது. கோரஸா சொல்ல வெக்கற டிரில்லு உச்சரிப்புக்கு நல்லது, ஆனா கோரஸுக்கு யாரும் பதில் சொல்றது இல்ல. எனக்கு புடிச்சது வேலை குடுத்து பேச வெக்கறது, அதுக்கு பெரிய முன்னோடி நம்ம பக்கத்துலயே நடந்திருக்கு. என். எஸ். பிரபு, மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்தவரு, 1979லேர்ந்து 1984 வரைக்கும் தென்னிந்தியால சாதாரண ஸ்கூல்ங்கள்ல பண்ண பெங்களூர் ப்ராஜெக்ட். இலக்கணத்த லிஸ்ட் போட்டு நடத்தாம, ரயில் டைம்டேபிள், மேப் மாதிரி ஒண்ண குடுத்து கணக்கு போட வெச்சாரு, அர்த்தத்துல மூழ்கினா மொழி பின்னாடியே வரும்னு. அத இங்க அப்படியே பண்ணலாம். காட்பாடி ஜங்ஷன் டைம்டேபிள்ல பாதிய ஒருத்தன்கிட்ட, மீதிய இன்னொருத்தன்கிட்ட குடுங்க, ஒருத்தர் பேப்பர ஒருத்தர் பாக்கக்கூடாது, நாளைக்கு ஹவுரா போகற பேஷண்ட்டுக்கு எந்த வண்டி தோதுன்னு பேசியே முடிவு பண்ணணும். பிரபுகிட்டேர்ந்து நான் வெலகறது ஒரே எடத்துல, வேலை முடிஞ்சப்புறம் மரியாதை, மறுப்பு மாதிரி விஷயத்த வெளிப்படையா போர்டுல போட்டு பேசிடுவேன். காதுல விழுந்தா தானா வரும்னு விட்டா ரொம்ப நாள் ஆகும், நேரா சொல்லிக்குடுத்தா சீக்கிரம் வருதுன்னு இந்த துறைல பல ஆராய்ச்சி சொல்லுது, என் அனுபவமும் அதுதான்.

ஒரு கிளாஸ்ல 45 பேரு இருந்தா? மூணு மூணு பேரா பிரிங்க. ரெண்டு பேரு பேசட்டும், மூணாவது ஆளு ஒரே ஒரு விஷயத்த மட்டும் குறிச்சிக்கணும், இன்னைக்கு மறுப்புன்னா வேற வழி சொன்னானா இல்லையா, அவ்ளோதான். அப்புறம் ஆள் மாத்துங்க. பொண்ணுங்க பசங்க முன்னாடி பேச கூச்சப்பட்டா பொண்ணுங்களயே மூணு மூணா போடுங்க, இதுல கொள்கை பேசி பிரயோஜனம் இல்ல. சத்தம் ஜாஸ்தியா இருக்கும், ஹெட்மாஸ்டர் எட்டிப்பாப்பாரு, முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

திருத்தறதுல கை கட்டுப்பாடு வேணும். "ஹி டோன்ட் கம்"னு சொன்னா பேச்ச நிறுத்தாதீங்க, அர்த்தம் போய் சேந்துடுச்சு. "கிவ் மீ"ன்னு பையருகிட்ட சொன்னா நிறுத்துங்க, "இத கேட்டு அவரு இன்னா நெனச்சிருப்பாரு?"ன்னு கேளுங்க, பதில அவங்களே சொல்லட்டும். ஏன் இப்படின்னா, பார்டோவி ஹார்லிக், டோர்னைன்னு ரெண்டு பேரு 1998ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஹங்கேரில இங்கிலீஷ் படிக்கற பசங்களுக்கு இலக்கண தப்பு பெருசா தெரிஞ்சுது, மரியாதைல வர்ற தப்பு சின்னதா தெரிஞ்சுது, அமெரிக்கால தங்கி படிக்கறவங்களுக்கு நேர் தலைகீழ். நம்ம பசங்களும் ஹங்கேரி கட்சிதான், "ஹி டோன்ட்"டுக்கு நாக்க கடிச்சுக்குவாங்க, "கிவ் மீ"ய கவனிக்கவே மாட்டாங்க. அப்புறம், அவன் தப்பா சொன்னத நீங்க சரியா சொல்லி காட்டிட்டு போயிடறது டீச்சருங்களுக்கு ரொம்ப புடிச்ச வழி. லிஸ்டரும் ரான்டாவும் 1997ல கனடா ஸ்கூல்ல எண்ணி பாத்தாங்க, டீச்சருங்க அதிகமா பண்றது அதுதான், பசங்க கண்டுக்காம விடறதும் அதுதான். அதனால சரியான வரிய நீங்களே சொல்லிடாதீங்க, அவன் வாயாலயே வர வைங்க.

பரிட்சைக்கு பேப்பரே வேணாம். சீட்டு எழுதி ஒரு டப்பால போடுங்க, ஒவ்வொரு சீட்டுலயும் யாரு யார்கிட்ட, இன்னா நெலமைன்னு மட்டும் தமிழ்ல: ரூம்ல ஏசி ஓடல, கெஸ்ட் கோவமா வர்றாரு; பையரு கேட்ட கலர்ல லெதர் இல்ல; இன்டர்வியூல கேட்ட கேள்வி புரியல. எதிர்ல நீங்க நில்லுங்க, அவங்க ரிகர்சல் பண்ணாத ஒரு வரிய நடுவுல நீங்க போடணும், "ஐ வாண்ட் மை மணி பேக்"ன்னு திடீர்னு சொல்லுங்க. மார்க்கு பத்து: முதல் வரிக்கு ஒண்ணு, உங்க திடீர் வரிக்கு பதில் எப்படி வந்துச்சுன்றதுக்கு அஞ்சு, புரியாதத கேட்டு தெளிவு பண்ணிகினதுக்கு ரெண்டு, முடிச்ச விதத்துக்கு ஒண்ணு. இலக்கணத்துக்கு மீதி இருக்கறது ஒண்ணு. ரெக்கார்ட் பண்ணி அவங்க செல்லுக்கே அனுப்பிடுங்க, வீட்டுல கேட்டுட்டு அடுத்த நாள் வந்து அதே சீட்ட மறுபடி கேப்பாங்க, குடுங்க, ஆனா உங்க திடீர் வரிய மட்டும் மாத்திடுங்க.